கூலி இல்லாப் பேரரசு

நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் ஆகியவற்றை ஆராயும் பக்கங்களிலே ஓர் இணைய விளையாட்டைப் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். இவ்வாறு எல்லையை விரித்துக்கொண்டே போனால் நாளைக்குக் கிளித்தட்டுக்கும் தாயத்துக்கும் மதிப்புரை எழுத வேண்டிவருமே என்று நகைப்பாரும் உளர். ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். நமது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஓராண்டில் வாசித்து முடிக்கும் நாவல்களை ஒரு கைவிரல்களுள் எண்ணிவிடலாம். அதே மாணவன் தன் கைத்தொலைபேசியில் ஆளும் பேரரசை நாளொன்றுக்கு எத்தனை தடவை திறந்து பார்க்கின்றான் என்பதை அவனே எண்ணியிருக்க மாட்டான். அரசு என்றால் என்ன, செல்வம் எங்கிருந்து வருகின்றது, வரலாறு எவ்வாறு நகர்கின்றது என்பன பற்றி அவன் உள்ளத்திற் படியும் எண்ணங்களுட் பல அங்கிருந்தே படிகின்றன. ஆகவே அந்தப் பேரரசின் கணக்கேட்டைச் சற்றே புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது, ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து இன்னோகேம்ஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘ஃபோர்ஜ் ஒஃப் எம்பயர்ஸ்’ என்னும் விளையாட்டை. பேரரசுகளின் உலைக்களம் என்று அதனைப் பெயர்த்துக்கொள்ளலாம். முதலிற் கணினிக்கென வந்து, பின்னர் கைத்தொலைபேசிக்கும் பரவியது. கற்காலக் குடிசைகள் சிலவற்றோடு ஆட்டம் தொடங்கும். வெண்கலக் காலம், இரும்புக் காலம், மூவகை இடைக்காலங்கள், குடியேற்றக் காலம், கைத்தொழிற் காலம் எனப் படிப்படியாக ஏறி, இன்றைய காலத்தையும் கடந்து செவ்வாய்க் கிரகம் வரைக்கும் நகரத்தை வளர்த்துச் செல்லலாம். விளையாடுவதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாத ஒன்றை நடத்தும் நிறுவனம் எவ்வாறு பிழைக்கின்றது என்ற வினாவைப் பின்னர் கவனிப்போம்.

போர்க்களக் காட்சிகள் இதில் உள. ஆயினும் தேர்ந்த ஆட்டக்காரர் எவரைக் கேட்டாலும் அவர் படைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாராயின் கருவூலத்தைப் பற்றிப் பத்து வார்த்தை சொல்வார். அக்கருவூலத்தின் அமைப்பு இது. குடியிருப்புக் கட்டடங்கள் மக்கட்டொகையைத் தருவன. குறித்த இடைவெளிதோறும் காசையும் தருவன. குயவர் பட்டறை, கொல்லர் பட்டறை முதலிய தொழிற்கூடங்கள் அம்மக்களை வேலைக்குக் கொண்டு வழங்கற்பொருள்களை ஆக்குவன. காசையும் வழங்கற்பொருளையும் செலவிட்டால் வேறு கட்டடங்களிலிருந்து வாணிபப் பண்டங்கள் கிடைக்கும். ஒவ்வொரு காலத்துக்கும் ஐந்து பண்டங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ‘உலைப்புள்ளி’ என ஒன்றுண்டு. அது மணிக்கு ஒன்று வீதம் தானாகவே ஊறுவது. புதிய தொழினுட்பத்தை ஆராய்வதற்கும், உலகப் புகழ் வாய்ந்த மாபெருங் கட்டடங்களை எழுப்புவதற்கும் அதுவே வேண்டும்.

உலைப்புள்ளியைக் காசு கொடுத்தும் வாங்கலாம். ஆனால், வாங்குந்தோறும் அதன் விலை ஐம்பது காசினால் உயரும். முதலாவது 50 காசு, இரண்டாவது 100, மூன்றாவது 150. இவ்வாறு நூறு புள்ளி வாங்கி முடித்தவன் மொத்தமாக 252,500 காசு கொடுத்திருப்பான்; நூறாவது புள்ளிக்கு மாத்திரம் 5,000. கூட்டல் விருத்திக்கு இதனிலும் நல்ல உதாரணம் பாடநூலில் இல்லை என்றான் என் மாணவன் ஒருவன். அவன் சொன்னது உண்மையே. தொடக்கத்தில் மலிவாக இருக்கும்பொழுது அள்ளி வாங்குவதா, காசைச் சேர்த்துப் புதிய வீடுகளிற் போடுவதா, மாகாணங்களை வேவு பார்க்க அனுப்புவதா என்ற வினாக்களுக்கு விடை காண்பதிலே உண்மையான புத்திக்கூர்மை தேவைப்படுகின்றது. நிலமோ சிறிது, புதிய நிலத் துண்டுகள் அரிதாகவே கிடைக்கும். ஆகையாற் பழைய குடிசையை இடித்துப் புதிய மாடம் கட்டுவது எப்போது இலாபம் என்ற கணக்கு எந்நேரமும் மனத்திலே ஓடிக்கொண்டிருக்கும். இவ்வகையில் இவ்விளையாட்டை ஆக்கியோர் கைதேர்ந்தவர்களே. இதனை மறுத்துவிட்டு எழுதப்படும் கண்டனங்கள் விளையாடுவோரிடம் எடுபடா.

இனி, அக்கணக்கேட்டில் எழுதப்படாதவற்றைப் பார்ப்போம்.

முதலாவதாக, கூலி என்ற செலவினம் அங்கே இல்லை. குயவர் பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்ற எண் உண்டு. அவர்களுக்கு என்ன கொடுக்கப்படுகின்றது என்ற எண் இல்லை. இரண்டாவதாக, சோறு இல்லை. கற்காலம் முதற் செவ்வாய்க் கிரகம் வரையில் அந்நகரத்தில் எவரும் உண்பதற்கென ஒரு படி தானியமும் கருவூலத்திலிருந்து கழிவதில்லை. பஞ்சம் வருவதில்லை, ஆகவே எவரும் சாவதுமில்லை, ஊரைவிட்டுப் போவதுமில்லை. மூன்றாவதாக, பராமரிப்பு இல்லை. ஒருமுறை கட்டியது என்றென்றும் நிற்கும். நான்காவதாக, கடன் இல்லை. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்திய ஒரு நாட்டில், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் தாயோடும் தந்தையோடும் வரிசையில் நின்ற பிள்ளைகள், கடனும் வட்டியும் அறியாத அரசொன்றை விரல்நுனியால் ஆண்டுகொண்டிருக்கின்றனர். அவர்களுக்கு அதிலுள்ள கவர்ச்சி என்ன என்று கேட்க வேண்டியதில்லை.

விளையாட்டு என்றால் எல்லாவற்றையும் உட்கொள்ள முடியுமா, சுருக்கத்தானே வேண்டும் என்பது இதற்கு வழமையாகச் சொல்லப்படும் சமாதானம். சுருக்கத்தான் வேண்டும். சதுரங்கத்திலும் குதிரைக்குக் கொள் வைப்பதில்லை. ஆனால் எதைச் சுருக்குவது, எதை முற்றாக நீக்குவது என்பது ஆக்கியோனின் தெரிவு. அத்தெரிவே விமர்சனத்துக்குரிய இடம். சிட் மையர் வடிவமைத்து 1991இல் வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ என்னும் விளையாட்டும் பேரரசு கட்டும் விளையாட்டே. அது முற்போக்கான ஆக்கம் என்று எவரும் சொல்லார். எனினும் அதிலே மக்களுக்கு உணவு வேண்டும். உணவு குன்றினால் நகரம் சிறுக்கும். கட்டிய கட்டடங்களுக்குத் தொடர்ந்து செலவு உண்டு. திரட்டிய வருவாயை வரியாக எவ்வளவு, ஆராய்ச்சிக்கு எவ்வளவு, மக்களின் நுகர்வுக்கு எவ்வளவு என்று ஆள்வோன் பங்கிட வேண்டும். பங்கீடு பிழைத்தால் நகரத்திற் கலகம் எழுந்து வேலை நின்றுவிடும். ஆகவே கணினியின் ஆற்றற் குறைவு இதற்குக் காரணம் அன்று. இன்றைய கைத்தொலைபேசியின் ஆற்றலுக்கு முன்னே அன்றைய கணினி தூசு. ஓராட்டத்தில் இருந்த பங்கீடு இன்னோராட்டத்தில் வேண்டுமென்றே அகற்றப்பட்டுள்ளது.

பங்கீடு என்ற சொல்லை எடுத்தமையால் ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். பொருளை வரச் செய்வது, திரட்டுவது, காப்பது என்று அரசனின் கடமைகளை அடுக்கிய வள்ளுவர் அவ்வளவில் நிறுத்தவில்லை. காத்ததை வகைப்படுத்திக் கொடுப்பதையும் சேர்த்தே வல்ல அரசு என்றார். பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி திரட்டும் முறைபற்றி அறிவுரை கூறிய பிசிராந்தையார், விளைந்த நெல்லைக் கவளமாக்கி யானைக்குக் கொடுப்பதற்கும் யானையை வயலிலே இறங்கவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் புறநானூற்றிலே காட்டினார். இவர்கள் பொதுவுடைமையாளர் அல்லர், மன்னராட்சியை ஏற்றுக்கொண்டவர்களே. அத்தகையோருக்கும் தெரிந்திருந்த ஒரு செய்தி, கருவூலத்துக்கு அப்பால் ஒரு வயலும் அவ்வயலிலே ஒரு மனிதனும் உண்டு என்பது. உலைக்களத்துப் பேரரசில் முதல் மூன்றும் உண்டு, நான்காவது இல்லை.

மக்களைப் பற்றி அவ்விளையாட்டு முற்றாக மறந்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. மகிழ்ச்சி என்றொரு கணக்கு அங்கே இருக்கின்றது. மக்கட்டொகையோடு ஒப்பிட்டால் மகிழ்ச்சி மிகவும் குறைந்திருக்கும் நகரம் ‘கிளர்ச்சி’ நிலையில் இருப்பதாகக் காட்டப்படும், உற்பத்தி பாதியாகும். மகிழ்ச்சி மிகுந்திருப்பின் உற்பத்தி 120 வீதமாக உயரும். இக்கிளர்ச்சியைச் சற்று உற்று நோக்குங்கள். அதற்குத் தலைவர் இல்லை, கோரிக்கை இல்லை, ஊர்வலம் இல்லை. கிளர்ச்சி என்பது வருமானத்தில் ஏற்படும் ஐம்பது வீத நட்டம், அவ்வளவே. அதற்குப் பரிகாரம் பேச்சுவார்த்தையுமன்று, சலுகையுமன்று. நான்கு மரங்களை நடலாம். சிலை ஒன்றை நிறுத்தலாம். பண்பாட்டுக் கட்டடம் ஒன்றை எழுப்பலாம். உடனே மக்கள் மகிழ்ந்துவிடுவர். பண்பாடு என்பது உழைப்பாளியை அமைதிப்படுத்தி வேலை வாங்குவதற்கான செலவினம் என்ற கொள்கையை இவ்வளவு வெளிப்படையாக எடுத்துரைத்த நூல் ஒன்றை நாம் கண்டதில்லை. கலை கலைக்காகவே என்போரும் கலை மக்களுக்காக என்போரும் வாதிட்டுக்கொண்டிருக்க, கலை உற்பத்தி வீதத்துக்காக என்று இவ்விளையாட்டு வழக்கையே முடித்துவைத்துவிட்டது!

இதன் உச்சத்தைச் சொல்லவேண்டும். அமெரிக்க வரலாற்றிற் சீர்திருத்த இயக்கங்கள் ஓங்கிய ஒரு பகுதியை அந்நாட்டார் முற்போக்குக் காலம் என்பர். அப்பெயரில் ஒரு காலம் இவ்விளையாட்டிலும் உண்டு. அக்காலத்துக்குரிய மாபெருங் கட்டடங்களுள் ஒன்று அல்கட்ராஸ். 1934 முதல் 1963 வரை அமெரிக்க மத்திய அரசின் கொடுஞ்சிறையாக விளங்கிய தீவு அது. அச்சிறையை உங்கள் நகரத்தில் எழுப்பினால் என்ன கிடைக்கும் தெரியுமா? போர்வீரர் கிடைப்பர், அவர்களோடு மக்களுக்கு மகிழ்ச்சியும் கிடைக்கும். ஆயிரக்கணக்கான அளவிற் கிடைக்கும். சிறையைக் கட்டிய பின் மரங்களையும் சிலைகளையும் இடித்து அந்நிலத்தில் வேறு கட்டடம் போடலாம் என்பது அனுபவசாலிகள் புதியவர்களுக்குக் கூறும் அறிவுரை. கணக்கின்படி அவ்வறிவுரை முற்றிலும் சரியானது. இதை எழுதியவர்கள் கொடியவர்கள் என்று நாம் எண்ணவில்லை. எதைச் செய்கின்றோம் என்று ஒரு கணமேனும் நின்று நோக்கியிருப்பார்களோ என்பதுதான் ஐயம்.

வரலாற்றை இவ்விளையாட்டு காட்டும் முறைக்கு வருவோம். மனித சமுதாயம் கட்டங்களினூடாக வளர்ந்தது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. மோர்கன் 1877இல் எழுதியதையும் அதனை அடியொற்றி எங்கெல்ஸ் 1884இல் எழுதியதையும் வாசித்தவர்கள் நாம். மேலோட்டமாகப் பார்த்தால் உலைக்களமும் அதே ஏணியைத்தான் காட்டுகின்றது. பொருள் உற்பத்திதான் வரலாற்றை நகர்த்துகின்றது என்றும் சொல்கின்றது. நம் மாணவர் சிலர் இதனைக் கண்டு மயங்கி, இது வரலாற்றுப் பொருள்முதல்வாதம் அல்லவா என்று கேட்டதும் உண்டு. அன்று. ஏணி ஒன்றே, ஏறும் விதம் வேறு. அங்கே ஒரு காலத்திலிருந்து மறுகாலத்துக்குப் போவதற்கு உலைப்புள்ளிகளை நிரப்பிக் காசும் வழங்கற்பொருளும் பண்டங்களும் கட்டினாற் போதும். நிலவுடைமை ஒழியும்பொழுது நிலப்பிரபு எங்கே போனான் என்ற வினா எழுவதில்லை. நிலப்பிரபு முன்னரும் இருந்ததில்லை. உற்பத்திச் சக்திகள் உண்டு. உற்பத்தி உறவுகள் இல்லை. எல்லாக் காலத்திலும் ஆள்வோன் ஒருவனே; அவன் அழிவதுமில்லை, மாறுவதுமில்லை. புரட்சி இல்லாத வரலாற்றை இவ்வாறு செவ்வாய்க் கிரகம் வரைக்கும் நீட்டிக்கொண்டு போகலாம்.

குடியேற்றக் காலம் இதற்குத் தக்க சான்று. அக்காலத்துப் பண்டங்கள் ஐந்து: கோப்பி, கடதாசி, பீங்கான், தார், கம்பி. அடுத்த கைத்தொழிற் காலத்திலே இறப்பர், புடைவை, திமிங்கில எண்ணெய் முதலியன வருகின்றன. ஒவ்வொரு பண்டத்துக்கும் உரிய மூலவளம் தேசப்படத்தில் எங்கேனும் ஒரு மாகாணத்தில் இருக்கும். அம்மாகாணத்தைப் படை கொண்டோ, பண்டங்களைக் கொடுத்துப் பேசியோ கைப்பற்றினால் உங்கள் நகரத்துக் கட்டடம் முழு அளவில் விளையும். கைப்பற்றாவிடின் ஐந்திலொரு பங்கே விளையும். கைப்பற்றிய மாகாணத்தில் இருந்த மக்கள் என்ன ஆயினர்? அப்பக்கம் ஆட்டம் திரும்பிப் பார்ப்பதேயில்லை. அடிமை வாணிபம் இல்லை, ஒப்பந்தக் கூலி இல்லை, தோட்டம்கூட இல்லை. கோப்பி நகரத்தின் நடுவே நிற்கும் ஒரு கட்டடத்திலிருந்து நாலு மணித்தியாலத்தில் வருகின்றது.

கோப்பி என்ற சொல்லை இலங்கையிலிருந்து வாசிப்பவன் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்மலைநாட்டின் காடுகளை அழித்துக் கோப்பி நட்டவர்கள், சென்னை மாகாணத்துக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாக வந்த ஏழைகள். வழியில் நோயாலும் பசியாலும் விழுந்தோர் பலர். 1869இல் இலைநோய் தோன்றிற்று. அடுத்த இரு தசாப்தங்களுள் கோப்பிப் பயிர் அழிந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. உலைக்களத்துக் கோப்பிக் கட்டடத்தில் இலைநோய் வருவதில்லை. நட்டவனும் இல்லாதபடியால் நட்டமடைவோனும் இல்லை.

பிற்காலத்திற் சேர்க்கப்பட்ட ஓர் அங்கத்தையும் இத்துடன் குறிப்பிடலாம். பண்பாட்டுக் குடியேற்றங்கள் என்பது அதன் பெயர். வைக்கிங்குகள், நிலமானிய யப்பான், பண்டைய எகிப்து, அஸ்டெக்குகள், முகலாயப் பேரரசு என்று ஏதாவதொன்றைத் தெரிந்து, நகரத்துக்கு வெளியே ஒரு குடியேற்றத்தைத் தொடங்கலாம். குறித்த பணிகளை முடித்ததும் நகரத்துக்குப் பரிசாகக் கட்டடம் ஒன்று கிடைக்கும். விரைவாக முடித்தாற் கூடுதற் பரிசு. முடித்தவுடன் அக்குடியேற்றம் முழுவதும் துடைத்தழிக்கப்பட்டுவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்தபின் மிச்சம் எதற்கு? வரலாற்றின் உண்மையான குடியேற்றவாதிகளுக்கு இத்தகைய வசதி கிட்டியதில்லை. அவர்கள் விட்டுச் சென்றவை இன்னும் நம் நடுவே கிடக்கின்றன.

ஆனால் இப்பேரரசில் எவருமே உழைப்பதில்லை என்று முடிவுகட்டினால் அது பெரும் பிழையாகும். உழைப்பவன் ஒருவன் உளன். அவன் ஆட்டக்காரனே. வீடுகளிற் சேரும் காசு தானாகக் கருவூலத்துக்கு வருவதில்லை. விரலால் தொட்டு எடுக்க வேண்டும். எடுக்கும் வரையில் அடுத்த சுற்றுத் தொடங்காது. தொழிற்கூடங்களில் ஐந்து நிமிட வேலை, கால் மணித்தியால வேலை, ஒரு மணித்தியாலம், நாலு, எட்டு, இருபத்துநாலு மணித்தியாலம் என வகைகள் உள. குறுகிய வேலைக்கு மணிக்கணக்கிற் பலன் கூடுதல். அஃதாவது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தொடுபவன் விரைவிற் செல்வனாவான். முதல் ஆண்டுகளில் உலைப்புள்ளிப் பட்டையிற் பத்துக்கு மேல் தங்காது. எனவே பத்து மணித்தியாலத்துக்கு மேல் வராதிருந்தவன் ஊறியதை இழந்தான். எடுக்காது விட்ட விளைச்சலை, அயலவன் படையெடுத்து வென்று கொள்ளையிடவும் ஆட்டம் தொடக்கத்திலேயே இடமளித்தது. வேலைக்கு நேரம் குறித்து, பிந்தி வந்தவனுக்குச் சம்பளம் வெட்டும் தொழிற்சாலைச் சங்கு இதுவேயன்றி வேறென்ன? ஒரு வித்தியாசம் உண்டு. இத்தொழிற்சாலையில் முதலாளியும் தொழிலாளியும் தானே என்று உழைப்பவன் நம்புகின்றான்.

வைரம் நுழைவது இங்கேதான். வைரத்தைச் சிறு அளவில் ஆட்டத்தினுள்ளே பெறலாம். பேரளவில் வேண்டுமாயின் உண்மைப் பணம் கொடுத்தே வாங்குதல் வேண்டும். வைரம் எதைத் தருகின்றது? காத்திருப்பதைக் குறைக்கின்றது; நிலத்தைத் தருகின்றது; இல்லாத பண்டத்தை இட்டு நிரப்புகின்றது. முதலிற் காத்திருப்பை உண்டாக்கியவனும் பின்னர் அக்காத்திருப்பினின்று விடுதலையை விலைக்கு விற்பவனும் ஒருவனே என்பதை மறவாதிருத்தல் நன்று. நமது ஊரில் வாய்க்காலை அடைத்துவிட்டுத் தண்ணீரை வண்டியில் விற்றால் அதற்கு என்ன பெயர் சொல்வோமோ அதே பெயரை இதற்கும் சொல்லலாம். கட்டணம் இல்லாத விளையாட்டு நிறுவனத்தைப் பிழைக்க வைப்பது இவ்வாறே. 2017இல் அந்நிறுவனத்தின் பெரும்பங்கைச் சுவீடனின் எம்.டி.ஜி. குழுமம் வாங்கிக்கொண்டதும் வெறும் பிழைப்பைக் கண்டு அன்று. வைரத்தைச் சில்லறை அவசரங்களில் வீசாது நிலத்துக்கென்றே சேர்த்துவைக்க வேண்டும் என்பது நல்ல ஆட்டக்காரரின் விதி. பணம் செலவிடாமலே முன்னேறலாம் என்பதும் உண்மையே. அவ்வாறு முன்னேறுபவன் பணத்துக்குப் பதிலாகத் தன் வாழ்நாளிலிருந்து மணித்தியாலங்களை அளந்து கொடுக்கின்றான்.

என்னோடு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், இது பிள்ளைகளுக்குச் சிக்கனத்தையும் திட்டமிடலையும் கற்பிக்கின்றது, நீர் ஏன் குறை காண்கின்றீர் என்று கேட்டார். கற்பிக்கின்றது என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் எவருடைய சிக்கனம்? சம்பளத்தில் மாதத்தை ஓட்டும் தாய் ஒருத்தியின் சிக்கனத்தில், எதைக் குறைப்பது என்ற வினாவின் மறுபுறம் எவரேனும் ஒருவரின் வயிறு இருக்கும். உலைக்களத்துச் சிக்கனத்தின் மறுபுறத்தில் ஒருவரும் இல்லை. மாடம் கட்டுவதற்காகக் குடிசையை இடிக்கும்பொழுது அங்கிருந்தவர் எங்கே போவர் என்று கேளாத கையே அங்கு தேர்ந்த கை. இதனைப் பதினாறு வயதிற் பழகிய ஒருவன் நாளைக்கு நகராட்சியிலோ வங்கியிலோ அமைச்சிலோ அமரும்பொழுது சேரிகளைத் தேசப்படத்தின் சதுரங்களாகக் காணமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? விளையாடுவோர் எல்லாரும் அவ்வாறு ஆகிவிடுவர் என்று நான் கூறவில்லை. வாசிப்பவன் நூலை அப்படியே விழுங்குவதில்லை, விளையாடுபவனும் அவ்வாறே.

அதற்குச் சான்று ஆட்டத்தினுள்ளேயே உண்டு. ஒருவர் கட்டும் மாபெருங் கட்டடத்துக்கு மற்றவர்களும் உலைப்புள்ளி இடலாம். கூடுதலாக இட்டவர்களுக்கு வரிசைப்படி பரிசுப் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும். ‘ஆர்க்’ என்னும் கட்டடத்தை எண்பதாம் படிவரை உயர்த்தியவர்க்கு இப்பரிசு மேலும் தொண்ணூறு வீதம் பெருகும். அடிப்படைப் பரிசு 100 புள்ளி என்றால் அவர் பெறுவது 190. இதனைக் கொண்டு ஆட்டக்காரர் தமக்குள்ளே ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்டனர்: ஆர்க் உடையவர் 190 இட்டு 190 பெறுவார், அவருக்குப் புள்ளியில் நட்டமில்லை, கட்டுவோரின் சுமையோ பெரும்பகுதி குறையும். இவ்விகிதத்தை நிறுவனம் விதிக்கவில்லை. குழுக்களில் இருப்போர் பேசி இணங்கிக் கடைப்பிடிக்கின்றனர். இணக்கத்தை மீறி இலாபம் பார்த்து இடையிற் புகுபவனை அவர்கள் இழிவாகவே கருதுவர். அதேபோல ஒருவர் வீட்டை அயலவர் வந்து தொட்டு உதவினால் அவ்வீட்டின் காசு இரட்டிக்கும். கொள்ளையினின்றும் அது காக்கப்படும். திரட்டு, காப்பாற்று, பறி என்று மாத்திரம் சொல்லித்தந்த உலகத்தினுள்ளே, மனிதர் தாமாகவே ஒரு கைமாற்று முறையைக் கண்டுபிடித்துள்ளனர்.

இதைக் கூட்டுறவு என்று கொண்டாடுவதற்கு முன் கணக்கை மறுபடியும் பார்க்கவேண்டும். ஆர்க் இல்லாத புதியவன் அதே முதலிடத்துக்கு 190 இட்டால் 100தான் பெறுவான். ஆகவே முதலிடங்கள் எல்லாம் ஏற்கெனவே உயர்ந்தவர்களுக்கே போகின்றன; புள்ளிக்கு அப்பால் வரும் கட்டட வரைபடங்களும் பதக்கங்களும் அவர்களிடமே குவிகின்றன. எண்பதாம் படிக்கு ஏற ஆயிரக்கணக்கான புள்ளிகள் வேண்டும். மூலதனம் உள்ளவனுக்கு உதவிசெய்வதும் இலாபம். இல்லாதவனுக்கு உதவிசெய்வதும் நட்டம். நமது ஊர்ச் சீட்டுப் பிடிப்பிலும் இவ்விரு முகங்களும் இருப்பதைக் காண்கின்றோம் அல்லவா? எனக்கு இதில் இன்னும் தீர்ந்த முடிவு இல்லை. ஆயினும் குழுவிலே சேர்ந்து புதியவன் ஒருவனின் ஆர்க்கை எல்லாரும் இட்டு உயர்த்திவிடும் வழக்கமும் உண்டு என்று அறிந்தேன்; அது முன்னதிலும் மேலானது.

மாணவர்களிடம் இதைத் தடைசெய்வதால் ஆவது ஒன்றுமில்லை. கணக்கேட்டை வகுப்பறைக்குக் கொண்டுவருவதே தக்கது. உயர்தர வகுப்பிலே இவ்விளையாட்டை ஆடுவோர் ஐவர் இருந்தனர். குயவர் பட்டறையில் உள்ளவர்களுக்குக் கூலி கொடுப்பதாக வைத்து ஒரு நாள் வரவுசெலவை எழுதிவருமாறு அவர்களைக் கேட்டேன். முதலில் எல்லாரும் கருவூலம் வெறுமையாகும் என்றே எழுதினர். பின்னர் ஒருத்தி, குடிசைகள் நாள்தோறும் அரசனுக்குக் காசு கொடுக்கின்றனவே, கூலி வாங்காதவர்களிடம் அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் அதிலே சிக்கிக்கொண்டது. வீட்டில் விளைந்ததை விற்றிருப்பர் என்றான் ஒருவன்; விளைநிலம் எங்கே என்று மற்றவன் மடக்கினான். பழைய சேமிப்பு என்றாள் ஒருத்தி. கற்காலத்திலா என்று சிரித்தனர். பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன், அவர்கள் அரசனிடமே கடன்பட்டு அரசனுக்கே கட்டுகின்றார்கள், எங்கள் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்ததாம், தொழிலாளியின் கடனை அதில் எழுதிக் கைமாற்றுவார்களாம் என்றான். துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்பதை அவனுக்குச் சொன்னேன். அவன் அடுத்துக் கேட்டது, குடியேற்றக் காலத்துக் கோப்பிக் கட்டடத்துக்கு எத்தனை பேர் வேண்டும், அவர்களுடைய துண்டுகளையும் சேர்த்து எழுதலாமா என்பதை. எழுதிக்கொண்டு வருமாறு சொல்லியிருக்கின்றேன்.